ஊட்டிக்கு வந்துபோன ஒரு டாக்டரும் பேச முடியாத சிப்பாய்களும்

1/
மனநல சிகிச்சைக்கு முதன்முதலா போறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், நடந்தது எல்லாத்தையும் முதல் நாளே சொல்லணுமா?" வேண்டாம். இந்த "வேண்டாம்" என்ற பதிலுக்கு வந்து சேர மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. நடுவுல ஊட்டியும் வரும்.

2/
1915, முதல் உலகப்போர். சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் மூணு சிப்பாய்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதுறார். பக்கத்துல குண்டு வெடிச்ச பிறகு பார்வை மங்கிடுச்சு, வாசனை, ருசி தெரியல, நினைவு தப்புது. அந்தக் கட்டுரை மூலமாத்தான் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ உலகத்துக்குள்ள வந்தது.

3/
ராணுவத்தில் பலர் இதைப் பயந்தாங்கொள்ளித்தனம்னுதான் பார்த்தாங்க. முன்னணியை விட்டு ஓடினது, கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காக பிரிட்டிஷ் பேரரசின் ராணுவம் 306 பேரைச் சுட்டுக் கொன்னது. அவங்களில் சிலர் அதுக்கு முன்னாடியே ஷெல் ஷாக்குக்கு சிகிச்சை எடுத்தவங்க. மன்னிப்பு கிடைச்சது 2006ல.

4/
லண்டன் குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெலண்ட் என்ற டாக்டர். அவர்கிட்ட ஒரு 24 வயசு சிப்பாய் வர்றார். ஒன்பது மாசமா பேச்சே இல்லை. இருட்டு அறை. கதவைப் பூட்டியாச்சு. பேசினாத்தான் வெளியே போக முடியும்னு சொல்லிட்டு, தொண்டையில் மின்சாரம் வைக்கிறார். மணிக்கணக்கா.

5/
சிப்பாய் பேசிட்டார். யெலண்ட் 1918ல போட்ட புத்தகத்தில் இதை வெற்றிக் கதையாத்தான் எழுதுறார். அந்தப் பையன் கலந்துகிட்ட சண்டைகளின் பட்டியல் அதில் இருக்கு. ஆனா அங்கே அவனுக்கு என்ன நடந்தது என்பது சிகிச்சையில் ஒரு கேள்வியாகவே வரலை. குரல் வந்துச்சா? வந்துச்சு. கேஸ் முடிஞ்சது.

6/
இப்ப ஊட்டிக்கு வருவோம். டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் என்ற இன்னொரு டாக்டர், 1901-02ல நீலகிரியில் தங்கி தோடர்களைப் பற்றி ஆராய்ச்சி செஞ்சவர். 1906ல வந்த அவரோட 'தி தோடாஸ்' இன்னைக்கும் மானுடவியல் மாணவர்கள் புரட்டுற புத்தகம்.

7/
அவர் வேலையே வம்சாவளி கேட்டு எழுதுறது. ஆனா தோடர்கள் இறந்துபோன தங்கள் உறவினர் பெயரைச் சொல்ல மாட்டாங்க, அது விலக்கு. ரிவர்ஸ் யாரையும் நெருக்கல. ஒரு குடும்பத்தோட விவரத்தை வேற குடும்பத்துக்காரங்ககிட்ட கேட்டுத் தொகுத்தார். இந்த அனுபவம்தான் பின்னாடி அவருக்கு உதவுச்சுன்னு நான் சொல்ல வரலை. ஆனா எனக்கு இது ஞாபகம் வராம இல்லை.

8/
1916ல எடின்பரோ பக்கத்துல இருந்த கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு ரிவர்ஸ் வர்றார். கவிஞர் சசூன் இவரோட பேஷண்ட்தான். அப்ப எல்லாரும் கொடுத்த அறிவுரை, "மறந்துடு, அதையே நினைக்காதே." பகல்ல மறக்க முயற்சி பண்றவங்களுக்கு ராத்திரி கனவுல அதே காட்சி வருதுன்னு ரிவர்ஸ் கவனிச்சார்.

9/
ஒரு அதிகாரி. தன் நண்பனோட உடல் குண்டுல சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர். ரிவர்ஸ் அவர்கிட்ட சொன்னது: அவ்வளவு சிதறியிருக்குன்னா, உங்க நண்பர் வலி தெரியாம அந்த நொடியிலேயே போயிருக்கார். அதுக்கப்புறமும் கனவு வந்துச்சு. ஆனா அதில் பயங்கரம் இல்லை, துக்கம் இருந்தது. நண்பனுக்காக அழ முடிஞ்சது.

10/
இன்னொரு அதிகாரி. குண்டு வீச்சுல தூக்கி எறியப்பட்டு, அழுகிப்போன ஒரு சடலத்து மேல முகம் குப்புற விழுந்தவர். இதில் ஆறுதலா பிடிச்சுக்க ரிவர்ஸுக்கு ஒண்ணுமே கிடைக்கல. அதனால அவரைப் பேச வைக்கல. கிராமப்புறத்தில் இருந்தப்ப அவருக்கு நிம்மதி இருந்திருக்கு. ராணுவத்தை விட்டு அங்கேயே போகட்டும்னு முடிவாச்சு.

11/
எனக்கு முக்கியம் இந்த ரெண்டாவது கேஸ். பேசுறதே மருந்துன்னு வாதாடின அதே டாக்டர், தன்னோட முறை பலிக்காத ஆளையும் மறைக்காம எழுதி வெச்சிருக்கார். 1918 பிப்ரவரி 'லான்செட்'ல இது இருக்கு.

12/
ரிவர்ஸைத் தெய்வமாக்க வேண்டாம். கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கான ஆஸ்பத்திரி. கரண்ட் வாங்கின அந்தப் பையன் சாதாரண சிப்பாய். அதோட ரிவர்ஸுக்குக் கொடுத்த வேலையே ஆளைத் தேத்தித் திரும்ப போருக்கு அனுப்புறதுதான். சசூனும் திரும்பப் போனார். டாக்டர் யாருக்காக வேலை செய்யறார் என்ற கேள்வி அப்பவே இருந்தது.

13/
வியட்நாம் போர் வீரர்களின் போராட்டத்துக்குப் பிறகுதான் 1980ல பி.டி.எஸ்.டி. அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் ஏறுச்சு. 1992ல ஜூடித் ஹெர்மன், போர் வீரர்களையும் வீட்டுக்குள்ள வன்முறைக்கு ஆளான பெண்களையும் ஒரே புத்தகத்தில் வெச்சுப் பேசினார். சிகிச்சைக்கு அவர் சொன்ன வரிசை: முதல்ல பாதுகாப்பு. அப்புறம் நினைவும் துக்கமும். அப்புறம் மனுஷங்களோட மறுபடி சேர்றது.

14/
அந்த வரிசை ஏன் முக்கியம்? விபத்து, பேரிடர் முடிஞ்ச உடனே எல்லாரையும் உட்கார வெச்சு ஒரே அமர்வில் பேச வைக்கிற முறை ஒரு காலத்தில் ரொம்பப் பிரபலம். ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தா அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கல. சிலருக்குக் கெடுதலாவும் முடிஞ்சிருக்கு.

15/
இப்ப 'ட்ராமா இன்ஃபார்ம்டு'ன்னு சொல்றது இதைத்தான். நல்ல தெரபிஸ்ட் எந்த நாற்காலி வசதின்னு உங்களைக் கேட்பார். எதை எழுதுறார், யார் பார்ப்பாங்கன்னு முன்னாடியே சொல்லுவார். "எப்ப வேணா நிறுத்தலாம்"பார். பேசும்போது உங்க பார்வை எங்கயோ போயிட்டா கதையை நிறுத்திட்டு, காலைத் தரையில் ஊன்ற வெச்சு, மூச்சைக் கவனிக்க வெச்சு, இந்த அறைக்கு உங்களைக் கூட்டிட்டு வருவார்.

16/
நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப தீக்காய வார்டில் ஒரு பொண்ணு. கட்டிலைச் சுத்தி எட்டு மாணவர்கள், பக்கத்துல மாமியார். "எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேட்டேன். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு சார்." அப்படியே எழுதிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். மாமியாரை வெளியே அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்லை. அந்தப் பொண்ணு மறுபடி வாயைத் திறக்கல.

17/
சிகிச்சைக்குப் போறவங்களுக்கு: சொல்ல முடியாததை இன்னைக்கே சொல்லித்தான் ஆகணும்னு இல்லை. "இதைப் பற்றி இப்ப வேண்டாம்"னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்குக் கோபப்படுறவர்கிட்ட தொடர வேண்டாம், ஆளை மாத்துங்க. ஆனா சிகிச்சையை விட்டுடாதீங்க.

18/
டாக்டர் தம்பி தங்கைகளுக்கு: கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீனை இழுத்து விடுங்க. கூட வந்தவங்களை வெளியே உட்காரச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.