தவில் சுமக்கும் தோள்

கலை மக்களுக்கே என்று நாம் பல்லாண்டுகளாக எழுதி வருகிறோம்; மேடைகளிலும் முழங்கி வருகிறோம். ஆயின், அந்தக் கலையைத் தம் உடலால் சுமந்து நிற்கும் கலைஞரின் கழுத்துக்கும் தோளுக்கும் யார் பொறுப்பு என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? நமது இசை வரலாற்று நூல்களில் இராகங்களுக்கு இடமுண்டு, பரம்பரைகளுக்கு இடமுண்டு, பொன்னாடைக்கும் பட்டத்துக்கும் பக்கம் பக்கமாக இடமுண்டு. அந்தப் பொன்னாடைக்குக் கீழே உள்ள தோளின் வலிக்கு ஒரு வரி தேடினாலும் கிடைப்பது அரிது. அந்த வரியை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கே சென்றால் அரியாலை. பனங்கூடல்களும் கடனீரேரியும் சூழ்ந்த ஊர். அங்குள்ள சித்திவிநாயகர் கோயிலில், குடாநாட்டின் மற்றக் கோயில்களிற் போலவே, திருவிழா நாளில் சுவாமி வீதி வலம் வரும் காட்சியைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். சுவாமியைச் சுமப்போர் பலர். ஒருவர் களைத்தால் மற்றொருவர் தோள் கொடுப்பார். அதை நாம் பக்தி என்கிறோம். சுவாமிக்கு முன்னே செல்லும் தவிற்கலைஞரோ, வார் மாட்டிய அதே தோளுடன், சந்திக்குச் சந்தி நின்று வாசிக்கிறார். ஒரு கை கழியை வீசுகிறது. மறு கையின் கூடிட்ட விரல்கள் தோலில் அதிர்கின்றன. இரு கையும் வேலையில் இருக்க, வாத்தியத்தின் பாரம் முழுவதையும் கழுத்தும் தோளும் முதுகும் ஏற்கின்றன. அந்தத் தோளுக்கு மாற்றுத் தோள் கொடுப்பார் யார்?

இந்தப் பாரம் சிறிதன்று. பலாமரத்தைக் குடைந்து, இரு முகமும் தோலிட்டு இறுக்கிய கருவி அது. முன்னர் மூங்கில் வளையமும் தோல்வாரும் இருந்த இடத்தில் பின்னர் உலோக வளையமும் திருகாணியும் வந்தன. சுருதி நிலைத்தது, நாதம் ஓங்கியது. சுமை குறைந்தது என்று மட்டும் எவரும் சொல்லார்.

யாழ்ப்பாணம் இக்கலைக்கு அளித்த கொடை உலகறிந்தது. இணுவிலும் அளவெட்டியும் வளர்த்த மரபில் வந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்து, 1975இல் நடுவயதிலேயே மறைந்தார். தமிழகத்துப் பெரும் நாதசுர வித்துவான்கள் அவர் தவிலைத் தேடி அழைத்தனர். அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931-2003) நாதசுரத்தால் நல்லூர்க் கந்தன் வீதியை நிறைத்தார். நல்லூரில் மட்டும் திருவிழா 25 நாள். அதன் முன்னும் பின்னும் ஊருக்கு ஊர் கொடியேற்றம், தேர், தீர்த்தம். இடையே கலியாண வீடுகள். சமாவில் வாசிப்பு உச்சத்தை அடையும்போது நாம் தலையசைத்து மகிழ்கிறோம். விடியற்புறம் வீடு திரும்பும் கலைஞர் தலையைத் திருப்ப முடியாமல் எண்ணெய் தடவிக்கொள்வதை நாம் காண்பதில்லை.

தோள் என்பது நமது சமூகத்தில் வெறும் எலும்பும் தசையும் அன்று. அது சாதியின் களமாகவும் இருந்தது. சுயமரியாதை இயக்க நாட்களில், செட்டிநாட்டுத் திருமணம் ஒன்றில், நாதசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் இட்டிருந்த துண்டை எடுத்துவிடுமாறு கட்டளை பிறந்தது. எடுக்க வேண்டாம் என்று தடுத்து நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. நாதத்தை விரும்பிய செல்வர், நாதம் எழுப்பியவரின் தோளில் ஒரு முழத் துணியைப் பொறுக்கவில்லை! துண்டையே பொறுக்காத சமூகம் அத்தோளின் வலியைப் பற்றி எங்ஙனம் விசாரித்திருக்கும்?

விசாரித்தவர் வேறு நாட்டில் இருந்தார். இத்தாலியின் மொடேனா நகரில் பெர்னார்டினோ ரமாசீனி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார் அவர்: நீ செய்யும் தொழில் யாது? சுரங்கத் தொழிலாளரையும் குயவரையும் ஆராய்ந்த அந்நூல் பாடகரையும் விட்டுவிடவில்லை. கலைஞனும் உடலால் உழைப்பவனே என்ற உண்மை மருத்துவ ஏட்டில் அன்றே பதிந்தது.

எனினும், அந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு விடை வர ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அது எங்கே வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்கள் தமது தொழிற்சங்க மாநாட்டின் மூலம் தாமே கணக்கெடுத்தனர். 1988இல் வெளியான அதன் முடிவின்படி, விடையளித்த 2,212 பேரில் 76 விழுக்காட்டினர் வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதேனும் ஓர் உடல்நலக் கேட்டுக்கு ஆளாகியிருந்தனர். அவுஸ்திரேலியாவின் எட்டு இசைக்குழுக்களைச் சேர்ந்த 377 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அவர்களுள் 84 விழுக்காட்டினர் வாசிப்புக்கு இடையூறான வலியை ஒரு காலத்திலேனும் அனுபவித்தவர்கள். கழுத்தும் தோளும் முதுகும் அவ்வலியின் முதன்மையான இருப்பிடங்கள். சங்கமும் நிலையான சம்பளமும் இருந்த இடத்தில்தான் வலி எண்ணப்பட்டது. எண்ணப்படாத இடத்தில் அது விதி எனப்பட்டது; கண்ணூறு எனப்பட்டது; கலைக்குக் கொடுக்கும் காணிக்கை என்று புகழவும்பட்டது.

விதியன்று என்பதற்கு நம் இசை வரலாறே சான்று. மேனாட்டில் தாடைக்கும் தோளுக்கும் இடையே இடுக்கி வாசிக்கப்படும் வயலினை, பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்துக்குப் பின் நம்மவர் நிலத்தில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் கருவியாக மாற்றினர். கழுத்தின் வேலையிற் பெரும்பகுதியைக் கால் ஏற்றுக்கொண்டது. வாத்தியத்துக்கு உடலை வளைப்பது ஒன்றே வழியன்று. உடலுக்கேற்ப வாசிக்கும் முறையையும் மனிதன் மாற்ற முடியும்.

வலி எவ்வாறு பிறக்கிறது? கழுத்தின் பின்புறமிருந்து தோள்வரை விரிந்துள்ள தசை, பாரத்தைத் தாங்குகையில் ஓய்வின்றி இறுகியே நிற்கிறது. ஓடுபவனின் கால்தசை சுருங்கியும் தளர்ந்தும் இயங்குகிறது. வார் மாட்டிய தோளுக்கு அந்தத் தளர்ச்சி கிட்டுவதில்லை. இறுகி நிற்கும் தசைக்குள் குருதியோட்டம் குன்றுகிறது, களைப்பு சேர்கிறது, களைப்பு வலியாகிறது.

இதற்கு மருந்து ஓய்வு மட்டுமே என்று நெடுங்காலம் எண்ணினர். டென்மார்க்கில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு வேறு வழி காட்டியது. அலுவலகம் போன்ற இடங்களில் ஒரே வகை வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கழுத்துத் தசை வலிக்கு ஆளான 48 பெண்கள் அதிற் பங்குபற்றினர். ஒரு பிரிவினர் கையில் எடைக்குண்டு ஏந்தி, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 20 நிமிடம், பத்து வாரம் தோளுக்கும் கழுத்துக்கும் வலுவூட்டினர். அவர்களது வலி பெரிதும் தணிந்தது. மிதிவண்டிப் பயிற்சி மட்டும் செய்த பிரிவினருக்குக் கிட்டிய ஆறுதல் சிறிதே. தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி இறக்குதல், கைகளைப் பக்கவாட்டில் உயர்த்துதல், முன்குனிந்து கைகளை விரித்தல், எடையை இடுப்பை நோக்கி இழுத்தல் என எளிய அசைவுகளே அவை. தசை வலுப்பெற்றால் அதே பாரம் அதன் ஆற்றலில் சிறு பங்காகிவிடுகிறது. 2017இல் அந்நாட்டுத் தொழில்முறை இசைக்குழுவினரிடையே நடந்த ஒரு சிறு முயற்சி, இத்தகைய பயிற்சி இசைக்கலைஞரின் வேலைநாளுக்குள்ளும் இயலும் என்று காட்டியது. முடிந்த முடிபென்று கொள்ளும் அளவுக்கு அது பெரிதன்று, தொடங்குவதற்குப் போதுமானது.

எடைக்குண்டு வாங்க வசதியில்லையெனில் மணல் நிரப்பிய போத்தல் போதும். சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கை மரத்துப்போனாலோ, வலி கைவழியே இறங்கினாலோ, பிடி தளர்ந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும்.

ஆயினும், பயிற்சியோடு கடமை முடிந்ததென்று எண்ணுவோமானால் நாம் பிழை செய்தவராவோம். இரவு முழுவதும் நிற்கவைத்துவிட்டு, வலித்தால் உடற்பயிற்சி செய் என்பது அறிவியலின் பெயரால் செய்யும் சுரண்டல். இலங்கையில் வேலையாட்களுக்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டு எண் 19. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டு எண் 15. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் போராடிப் பெற்ற பாதுகாப்பு இவை. திருவிழாவுக்குத் திருவிழா வாய்ச்சொல்லால் பேசி அமர்த்தப்படும் மேளக்காரரின் வாசலுக்கு இச்சட்டங்களின் நிழல் எளிதில் எட்டுவதில்லை. அவருக்கு வலி வந்தால் கூலி நிற்கும். கூலி நின்றால் அடுப்பு அணையும். ஆகவே அவர் வலியை மறைக்கிறார்.

ஆசிரிய நண்பர்களும் மாணவ நண்பர்களும் செய்யத்தக்கவை உள. இசை பயிலும் சிறுவனுக்கு முதற் பாடத்தோடு தோளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தொடங்கட்டும். திருவிழா உபயகாரரும் கோயில் நிருவாகத்தினரும் இடையிடையே அமர்ந்து வாசிக்க இருக்கை தரட்டும். மாற்றுத் தவிலுக்கு ஊதியம் ஒதுக்கட்டும். ஓய்வு நேரத்தையும் கூலியில் சேர்க்கட்டும். கலைஞர்கள் தம் வலியைத் தாமே கணக்கெடுக்கச் சங்கமாகக் கூடட்டும். கணக்கெழுத நம் மாணவர் துணை செல்லட்டும்.

அரியாலை வீதியில் சுவாமியைச் சுமப்போர் தோள் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை எவரும் பக்திக் குறைவு என்று சொன்னதில்லை. அந்த நீதி, சுவாமிக்கு முன்னே தவில் சுமந்து நடப்பவருக்கும் உரியதே.