மழபாடிக் கல்வெட்டும் நீரிழிவுக் குறிப்பேடும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது திருமழபாடி. மூவர் பாடல் பெற்ற இத்தலத்து இறைவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். பெயரால் மட்டுமன்றி, இங்குள்ள கல்வெட்டுச் செய்தி ஒன்றாலும் இவ்வூர் மருத்துவத்தை நினைவூட்டுகிறது.

முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில் இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாய் எடுக்க ஆணை பிறந்தது. பழைய சுவர்களிலோ முன்னோர் செய்த அறங்களின் சான்றுகள் இருந்தன. பிரிப்பதற்கு முன் அவற்றை ஏட்டில் படியெடுத்தனர். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அரசர் மாறினார், ஆவணம் அறுபடவில்லை.

நீரிழிவு மருத்துவத்துக்கும் இத்தகைய தொடர்ச்சியே உயிர்நாடி. நோய் பழையது. சிறுநீரின் இனிப்பையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் கண்டு 'மதுமேகம்' என்றனர் நம் பண்டை மருத்துவர். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட சிறுவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்சுலினால் ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளில் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் மெல்ல அரிக்கும் நோயின் மறுமுகம் வெளிப்பட்டது. அன்று முதல் இது பல்லாண்டுக் கண்காணிப்பை வேண்டும் நோயாயிற்று.

தமிழகத்தில் இதனை முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் மா. விசுவநாதன். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனித்துறை தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புகள் பெரிதும் குறையும் என்பதை 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஐயமற நிறுவியது.

காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு, அந்தப் பொழுதின் செய்தியை மட்டுமே சொல்லும். ஹெச்பிஏ1சி என்னும் சோதனையோ ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் ஆதலின், அதில் படிந்த சர்க்கரை அக்காலத்தின் கணக்காகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்கு அது 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் நன்று. வயதும் உடல்நிலையும் பார்த்து மருத்துவர் அதை மாற்றியமைப்பார். ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரை, பாதம், சிறுநீரில் கசியும் புரதம் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். வலி இல்லை என்று இவற்றைத் தள்ளிப்போடுவோரே மிகுதி. பாதத்தில் உணர்ச்சி மரத்தவனுக்குப் புண் வலிப்பதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வீடு தேடி வரலாம். சென்ற ஆண்டின் அளவுகள் தாமாக வாரா. மருத்துவரை மாற்றும்போதும் ஊர் மாறும்போதும் பழைய சீட்டுகளைக் குப்பையில் இடுகிறோம். புதிய மருத்துவருக்கு அந்நோயாளி அன்றுதான் பிறந்தவர் போலாகிவிடுகிறார். ஏறிவந்த அளவா, இறங்கிவந்த அளவா என்பதை அவர் எதைக் கொண்டு அறிவார்?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, அளவு, மருந்து ஆகியவற்றை எழுதி, அடுத்த முறை செல்லும்போது மறவாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.