டியேகோ கார்சியாவும் உலக ஒழுங்கும்

நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லை என்ற ஒற்றை உண்மையிலிருந்து உலக அரசியலின் இயல்பையே வருவித்தவர் கென்னத் வால்ட்ஸ். காப்பாற்ற ஆளில்லாததால் ஒவ்வொரு நாடும் தன் வலிமையையே நம்ப வேண்டும். வலிமை யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே ஒழுங்கைத் தீர்மானிக்கும் என்றது 1979இல் வெளிவந்த அவர் நூல். மேலதிகாரம் இல்லாவிட்டாலும் நாடுகள் பொது விதிகளால் பிணைந்த ஒரு சமூகமாகவே இயங்குகின்றன என்று அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஹெட்லி புல் வாதிட்டிருந்தார். இந்த இரு பார்வைகளையும் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் உரசிப் பார்க்கலாம்.

மொரீஷியஸ் 1968இல் விடுதலை பெற்றது. அதற்கு முன்பே, 1965 நவம்பரில், பிரிட்டன் சாகோஸைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதி ஆக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்கு வழி திறக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் போலாரிஸ் ஏவுகணைக் கொள்முதலில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் சலுகை. 1973க்குள் தீவு மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்கள் கொப்பரை உலர்த்தும் கொட்டிலில் அடைக்கப்பட்டு, புகையூட்டிக் கொல்லப்பட்டன. மொரீஷியஸைத் துண்டாடக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1965 டிசம்பரிலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. இதுவரை வால்ட்ஸ் சொன்னபடியே நடந்தது.

பிறகு நடந்ததுதான் அவரது கணக்கில் அடங்கவில்லை. பிரிட்டனின் ஆட்சி சட்டவிரோதம் என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஏற்று வாக்களித்தன, எதிர்த்தவை ஆறு. 2021இல் உலக அஞ்சல் ஒன்றியம் அத்தீவுகளின் பெயரில் பிரிட்டன் வெளியிட்ட அஞ்சல்தலைகளை ஏற்க மறுத்தது. அஞ்சல்தலை சிறிய காகிதத் துண்டுதான்; ஆனால் ஒரு மண்ணை ஆளும் உரிமையின் அன்றாட முத்திரை அது. 2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கையில் பிரிட்டன் தீவுகளின் இறைமையை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கவும், அமெரிக்க ராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவை 99 ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் பணம் கட்டவும் இசைந்தது.

தளம் அசையவில்லையே, வலிமைதானே வென்றது என்று வால்ட்ஸின் வழிவந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கையில் இருக்கும் ஒன்றுக்குப் பணம் கட்ட ஒரு வல்லரசு ஏன் சம்மதித்தது? மொரீஷியஸுக்கு முறையான ராணுவமே கிடையாது. இரு நாடுகளின் வலிமை விகிதம் தலைகீழாகிவிடவும் இல்லை. மாறியது, குடியேற்ற ஆட்சி பற்றிய உலகின் தீர்ப்பு. 1960இன் குடியேற்ற ஒழிப்புப் பிரகடனமும், விடுதலை பெற்று ஐ.நா. அவைக்கு வந்த நாடுகளின் பெரும்பான்மையும் சேர்ந்து அந்தத் தீர்ப்பை உருவாக்கின. தளம் யார் கையில் என்பதை வலிமை முடிவு செய்தது. அதை எந்த உரிமையில், என்ன விலைக்கு வைத்திருக்கலாம் என்பதை விதி முடிவு செய்தது. ஆகவே புல்லின் பார்வையே இங்கு அதிகம் விளக்குகிறது என்பது என் துணிபு.

ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: இருவரும் முதலில் எண்ணுவது நாடுகளை. உடன்படிக்கையைப் பேசி முடித்தவை இரண்டு அரசுகள். சாகோஸ் மக்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. அந்த உடன்படிக்கையின்படி பிற தீவுகளில் மீள்குடியேற்றம் செய்ய மொரீஷியஸுக்கு உரிமை உண்டு. டியேகோ கார்சியா அதில் அடங்காது.