உளப்பிறழ்வு மருந்துகளும் திடீர் இதய இறப்பும்

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரப்படும் மருந்துகள் சில, இதயத் தசைச் செல்களிலுள்ள பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கின்றன. அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீண்டும் தயாராக நேரம் கூடுகிறது. இதயத்தின் மின்பதிவான இசிஜியில் இது க்யூடி இடைவெளியின் நீட்சியாகத் தெரிகிறது. அரிதாக இது உயிர்பறிக்கும் துடிப்புக் கோளாறாக மாறும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், குறைந்த வருமானத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டின் பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர் வேய்ன் ரே குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனை. மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட, பழைய தலைமுறை மருந்துகளை உட்கொண்டோரிடம் திடீர் இதய இறப்பு 1.99 மடங்காகவும், புதியவற்றை உட்கொண்டோரிடம் 2.26 மடங்காகவும் இருந்தது. மருந்தளவு கூடக் கூட ஆபத்தும் ஏறியது. முன்பு உட்கொண்டு நிறுத்தியவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. புதிய மருந்துகள் இதயத்துக்குப் பாதுகாப்பானவை என்ற பரவலான நம்பிக்கையை இது தகர்த்தது.

எல்லா மருந்துகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. தயோரிடசின் க்யூடி இடைவெளியை மிகவும் நீட்டும். அதன் மூல நிறுவனம் 2005இல் அதை உலகச் சந்தையிலிருந்து விலக்கியது.

இக்கண்டுபிடிப்புகளைப் பாதி படித்து அஞ்சுவது பெருந்தவறு. அதே 2009இல் வெளியான பின்லாந்து ஆய்வில், நீண்டகாலம் மருந்து எடுத்த மனச்சிதைவு நோயாளிகளிடம், எடுக்காதவர்களைவிட மொத்த இறப்பு குறைவாகவே இருந்தது. எனினும் இதய நோயோ பொட்டாசியக் குறைவோ உள்ளவர்களுக்கும், க்யூடியை நீட்டும் பிற மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இசிஜி பரிசோதனை அவசியம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.