ஸ்ரீரங்கத்தில் இரு சரணாகதிகள்

1752 ஜூன் மாதத்தில், அடுத்தடுத்த நாட்களில், ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகையிடப்பட்டிருந்த இருவர் பகைவரிடம் சரணடைந்தனர். ஒருவர் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா. மற்றவர் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிப்.

லா ஆங்கிலத் தளபதி லாரன்ஸிடம் உடன்படிக்கை செய்துகொண்டு சரணடைந்தார். அவருடன் ஏறத்தாழ 800 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் ஆயுதம் துறந்தனர். ஐரோப்பியப் போர் மரபின்படி அவர்கள் கைதிகளாக நடத்தப்பட்டனர். சந்தா சாகிபோ, தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியின் சத்தியத்தை நம்பி அவரது பாசறைக்குச் சென்றார். பணமும் கைமாறியிருந்தது. தப்பிச் செல்ல வழிவிடுவதாக வாக்களித்தவரே அவரைச் சிறைப்பிடித்தார். கைதி யாருக்குரியவர் என்று நேச அணியினர் தமக்குள் வாதிட்டனர். ஆங்கிலேயர் தம் காவலில் வைக்கக் கேட்டனர், மறுக்கப்பட்டதும் வற்புறுத்தவில்லை. சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டு, போட்டி நவாபான முகம்மது அலியிடம் அனுப்பப்பட்டது.

இத்தனைக்கும் அப்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சட்டப்படி போரில் இல்லை! 1748 ஆம் ஆண்டு ஏ லா ஷப்பேல் உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் இடையே சமாதானத்தை நிலைநாட்டியிருந்தது. ஆனால் 1749 இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டு, அவர் மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தபின், இரு கும்பெனிகளும் ஆளுக்கொரு நவாபைத் தேடிக்கொண்டன. “நாங்கள் போரிடவில்லை, எங்கள் நவாபுக்கு உதவுகிறோம்” என்பதே இரு தரப்பின் வாதம். பிறர் போரில் ஒளிந்து நின்று தம் போரை நடத்தும் வல்லரசுத் தந்திரம் நம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று.

அந்த நாட்களில் நேர்மை முற்றிலும் அற்றுப்போயிற்று என்றும் சொல்வதற்கில்லை. அரங்கநாதர் கோயிலுக்குள் நின்ற ஏறத்தாழ ஆயிரம் ராஜபுத்திரர், உட்பிராகாரங்களுக்குள் எவர் நுழைந்தாலும் வெட்டி வீழ்த்துவோம் என உறுதியாக நின்றனர். ஆங்கிலேயர் அதை மதித்து உள்ளே செல்லவில்லை.

இங்கே நாம் நம்மவர் என்பதற்காகச் சந்தா சாகிபின் கணக்கை மறைத்தல் கூடாது. 1730களில் மதுரை நாயக்க அரசி மீனாட்சிக்குத் திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்து கொடுத்து, பின்னர் அவரது திருச்சிக் கோட்டையையே கைப்பற்றிக்கொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சத்தியத்தை முறித்தவர், முறிந்த சத்தியத்தால் மாண்டார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைவிட வலிமை மிக்கவராய் இருப்பதற்காகச் சத்தியங்களை வஞ்சகக் கருவியாக்குவதை ஸூரத்துந் நஹ்லின் 92 ஆவது வசனம் கண்டிக்கிறது. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்காக, சங்கிலியோடு தப்பி வந்த அபூஜந்தலைக்கூட நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அந்த அளவுகோலை வைத்தால் திருச்சிப் போரில் எந்தத் தரப்பும் தேறாது.

முகம்மது அலியும் தேறமாட்டார். உதவிக்கு வந்த மைசூர் நஞ்சராஜருக்குத் திருச்சியையே தருவதாக அவர் எழுதிக்கொடுத்திருந்தார். வெற்றி கிடைத்ததும், நகரம் முகலாயப் பேரரசருக்குரியது, அதைக் கொடுக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். ஏமாந்த மைசூர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. போர் மேலும் ஈராண்டுகள் நீண்டது. அந்த மைசூர்ப் படையில் ஹைதர் அலி என்னும் அதிகாரியும் இருந்தார்.

1754 இன் இறுதியில் இரு கும்பெனிகளும் சுதேச அரசர்களின் சச்சரவுகளில் இனித் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. அடுத்த சில வாரங்களிலேயே கர்னல் ஹெரானின் ஆங்கிலப் படை, நவாபுக்குக் கப்பம் வசூலிக்கவென மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் புறப்பட்டது. கப்பம் வசூலிப்பது தலையிடுதல் ஆகாதாம்! 1763 பாரிஸ் உடன்படிக்கையோ, இந்தியர் எவரையும் கேளாமலே முகம்மது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று அறிவித்தது.

அவர் 1795 இல் காலமானார். திருச்சியில் அடக்கம் செய்யப்பட்டார். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் ஆவணங்களில் நவாப் குடும்பத்தாரின் கடிதங்கள் அகப்பட்டதாகவும், அவை உடன்படிக்கையை மீறிய குற்றம் என்றும் கும்பெனி கூறியது. 1801 ஜூலையில் முகம்மது அலியின் பேரர் அஜீமுத் தௌலா கர்நாடகத்தின் ஆட்சியுரிமையைக் கும்பெனிக்கு எழுதிக்கொடுத்து, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் நவாப் ஆனார்.