சிங்க் மாற்றும் முன் மேடையின் வயதைப் பாருங்கள்

சமையலறை சிங்க்கை மாற்ற ஆள் கூப்பிட்டால் ஒருவர் "அரை நாள் வேலை சார்" என்பார். இன்னொருவர் மேடையையே உடைக்க வேண்டும் என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். உங்கள் மேடை எந்தக் காலத்து வழக்கப்படி கட்டப்பட்டது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

நம் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது நெடுங்காலம் தரையில் உட்கார்ந்து செய்த வேலை. கிணற்றடியில் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் சமையற்கட்டு மூலையில் தாழ்வான அங்கணம் இருக்கும். திருக்குறளிலேயே வரும் இந்தச் சொல்லைத் தென்மாவட்டத்துப் பெரியவர்கள் வாயில் இன்றும் கேட்கலாம். அடுக்குமாடியில் கிணற்றடி ஏது? எரிவாயு அடுப்பு வந்து சமையல் நின்றபடி ஆனதும் அங்கணமும் இடுப்பு உயரத்துக்கு ஏறி சிங்க் ஆனது.

மேடைக்கு முதலில் பரவலாக வந்தது கடப்பா கல். ஆந்திரத்துக் கடப்பா பகுதியின் சுண்ணாம்புக்கல் அது. பாளம் பாளமாகப் பிரிந்து வருவதால் விலை குறைவு. ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துப்போகும். புளி இல்லாமல் நமக்குச் சமையல் உண்டா? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிரானைட் மெருகேற்றிய பலகையாகக் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்ததும் மக்கள் அதற்கு மாறினார்கள். கடப்பா ஒழிந்துவிடவில்லை, கிரானைட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. செங்கல் தாங்குசுவர், அதன்மேல் கடப்பா, சிமெண்ட் கலவை, அதற்கும் மேல் முக்கால் அங்குலக் கிரானைட். பல வீடுகளில் கொத்தனார் சிங்க்கின் விளிம்பை இந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்துப் பூசிவிட்டார். அன்றைக்கு அது உறுதியான வேலை என்றுதான் பெயர்.

சிங்க்கின் உலோகம் கல்லைவிட மிக இளையது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்கான எஃகை ஆராய்ந்தபோது கிடைத்த துருப்பிடிக்காத இரும்பின் வழிவந்தது. நாம் எவர்சில்வர் என்கிறோம், அதில் வெள்ளி துளியும் இல்லை. நல்ல சிங்க்குக்கான 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து நம் சேலம் ஆலையிலும் எவர்சில்வர் தகடு உருட்டுகிறார்கள். ஆனாலும் உப்பும் பிளீச்சிங் பவுடரும் தொடர்ந்து பட்டால் இதிலும் புள்ளி விழும், ஓட்டை விழும். கல் அப்படியே இருக்கும். நூறு வருடம் நிற்கும் கல்லுக்குள் அதற்கு முன்பே கெட்டுப்போகும் தகட்டைப் பூட்டி வைத்ததுதான் இன்றைய செலவுக்குக் காரணம்.

பிற்பாடு மாடுலர் சமையலறைகளில் ஒரே கல்லின் அடியில் சிலிகான் பசையாலும் கிளிப்பாலும் சிங்க்கைத் தொங்கவிட்டார்கள். கழற்றுவது சுலபம், விழுவதும் சுலபம். 24க்கு 18 அங்குல சிங்க் நிரம்பினால் ஏறக்குறைய 50 கிலோ தண்ணீர். பசை விட்டால் முதலில் கீழே உள்ள அலமாரிப் பலகை ஊறி உப்பும்.

ஆகவே, டார்ச்சுடன் சிங்க்குக்கு அடியில் எட்டிப் பாருங்கள். ஒரே கல் என்றால் கவலையில்லை. சிங்க்குக்கு முட்டுக் கொடுத்து, பசையை அறுத்து இறக்கி, கல்லைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அடியில் சட்டம் வைத்துத் தாங்கச் சொல்லுங்கள். பசை உலர ஒரு நாளாவது தண்ணீர் விடாதீர்கள்.

இரண்டு கல் தெரிந்தால் கிரானைட்டைப் பெயர்க்க அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இரண்டடி அகல மேடையில் சிங்க்குக்கு முன்னால் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலக் கல்தான், விரிசல் விடுவதும் அங்கேதான். பழைய தொட்டியை மட்டும் அறுத்தெடுத்து, விளிம்பைக் கல்லுக்குள் விட்டுவிட்டு, கடப்பாவுக்கு அடியில் புதியதைத் தொங்கவிடுவோரும் உண்டு. கடப்பாவின் சொரசொர விளிம்பில் அழுக்கு சேருமே என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே திறப்பில் மேலிருந்து இறக்கி உட்காரும் சிங்க் வாங்குங்கள். மேடையைத் துடைத்து அப்படியே தண்ணீரைத் தள்ளும் வசதி போகும், மேடை பிழைக்கும்.

கல்லை அறுத்தே தீரவேண்டும் என்றால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், முகக்கவசமும் கொடுங்கள். கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா அறுப்பவரின் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோய் தரும். கழிவுக் குழாயைக் கழற்றும் நாளன்று கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.