ஆறு வார ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது?

கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தால் முதலில் கண்ணில் படுவது ஆண் மருத்துவர்களின் பெயர்கள்தாம். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் முதலில் வெட்டி எடுத்தார் என்று நீளும் பட்டியல் அது. மேசையிலிருந்து இறக்கப்பட்ட பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள், எத்தனை நாள் வலித்தது, யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், எப்போது மறுபடி குடம் தூக்கினாள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அறுவை சிகிச்சை இரண்டு மணி நேர வேலை. அதன் பிறகான நாள்கள்தாம் நீளமானவை.

அப்படிப் பார்க்கும்போது வரலாறு ஒரு கூலிப் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரசவம் பார்த்துவந்த பெர்சிவல் வில்லபி என்ற மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளில் ஃபெய்த் என்ற ஏழைப் பெண் வருகிறாள். வயது 46. நிலக்கரி மூட்டை சுமந்துபோகும்போது அவளுக்கு அடி இறங்கிவிட்டது. அது முதல் முறையும் அல்ல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் வெளியே வந்த கர்ப்பப்பையைக் கையால் இழுத்துப் பிடித்து, கத்தியால் தானே அறுத்து எறிந்துவிட்டாள். இது நடந்தது 1670இல் என்று சொல்லப்படுகிறது. ரத்தப்போக்கு நின்றது, அவள் பிழைத்தாள், பல ஆண்டுகள் வாழ்ந்தாள். ஆனால் சிறுநீர்ப்பையில் விழுந்த ஓட்டை ஆறவே இல்லை. இரவும் பகலும், அவள் அறியாமலே சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

மருத்துவ நூல்களில் இது ஒரு விநோதச் செய்தியாக இடம்பெறுகிறது. நமக்கு இதில் விநோதம் எதுவும் இல்லை. பாரம் சுமந்ததால் நோய், பார்க்க யாரும் இல்லாததால் தானே எடுத்த முடிவு, வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த பின்விளைவு. இந்த மூன்றும் ஒரே சங்கிலியாக நம் காலம்வரை வருகின்றன.

மருத்துவர்களின் பட்டியல் 19ஆம் நூற்றாண்டில் வேகமெடுக்கிறது. 1843இல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே வயிற்றைக் கிழித்துக் கர்ப்பப்பையை எடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தப் பெண் ரத்தப்போக்கில் இறந்தாள். அடுத்த ஆண்டு இன்னொரு பெண். அவள் அறுவையைத் தாண்டிப் பதினைந்து நாள் உயிரோடு இருந்தாள். விரிப்பு மாற்றும்போது அவளைக் கீழே போட்டுவிட்டார்கள், அதன் பிறகே இறந்தாள் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கத்தியிடம் தப்பியவள் கவனிப்பில்லாமல் போனாள்.

1853இல் அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்டர் பர்ன்ஹாம் சினைப்பைக் கட்டி என்று நினைத்து ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். அவள் வாந்தி எடுத்த வேகத்தில் நார்க்கட்டியோடு கர்ப்பப்பை வெளியே வந்துவிட்டது. உள்ளே தள்ள முடியாமல் அதை அகற்றினார். அவள் பிழைத்தாள். வயிற்று வழியாகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டு உயிரோடு எழுந்த முதல் பெண் அவள்தான். அதன் பிறகு பர்ன்ஹாம் செய்த பதினைந்து அறுவைகளில் மூன்று பெண்கள் மட்டுமே பிழைத்தார்கள். முன்னேற்றம் என்று நாம் படிக்கும் சொல்லுக்குள் அந்தப் பன்னிரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

மயக்க மருந்து, கிருமிநீக்கம், பிறகு ரத்தம் ஏற்றுதல், பின்னர் ஆன்டிபயாடிக். இவை ஒவ்வொன்றாக வர வர இறப்பு வெகுவாகக் குறைந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. உயிர் பிழைப்பது உறுதியானதும், பிழைத்தவளின் வலியைக் கேட்பது தேவையற்றதாகிப்போனது. 'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இன்னும் என்ன வலி?' என்ற கேள்வி அங்கே பிறந்தது.

பெண்ணின் வலியை நம்பாமை அதற்கும் பழையது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அவளுடைய கோபம், அழுகை, சோர்வு எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பைதான் காரணம் என்று சொன்ன மரபு அது. 1872இல் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர், மாதவிடாய்த் துன்பத்துக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தீர்வு என்று சொல்லிச் சினைப்பைகளை எடுக்கத் தொடங்கினார். அது அவர் பெயராலேயே பரவியது. சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களுக்கு உடல் கொதிப்பும் வியர்வையும் தூக்கமின்மையும் வந்தபோது, அவற்றுக்கு அறிவியல் விளக்கம் இல்லை. ஹார்மோன் பற்றிய அறிவு வளர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை அந்தத் துன்பம் முழுவதும் அவளுடைய 'சுபாவம்' என்ற கணக்கில் எழுதப்பட்டது.

யாருடைய ஒப்புதலோடு வெட்டப்படுகிறது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. 1961இல் மிசிசிப்பியில் பருத்திக்காட்டுக் குத்தகைத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் கட்டியை எடுக்க மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்களுக்கு இது எவ்வளவு சகஜமாக நடந்தது என்றால், 'மிசிசிப்பி அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்' என்று அவர் அதற்குப் பெயரே வைத்தார். பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தின் பெரும் குரலாக எழுந்தவர் அவர். தன் உடலுக்கு நடந்ததை மேடையில் சொன்னதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஓய்வைப் பற்றிய மருத்துவக் கருத்தும் மாறி வந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட வயிற்று அறுவை செய்துகொண்டவர்களை இரண்டு மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தார்கள். 1899இலேயே சிகாகோவின் எமில் ரீஸ், சீக்கிரம் எழுந்து நடப்பதே நல்லது என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படுக்கைகளுக்கும் ஆட்களுக்கும் தட்டுப்பாடு வந்தபோதுதான் அது பரவலானது. அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிரை எடுக்கும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை.

ஆகவே ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது அல்ல. நடக்க வேண்டும், ஆனால் பாரம் தூக்கக் கூடாது. உள்தையல் ஆறச் சுமார் ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், சிலிண்டர், இடுப்பில் குழந்தை எதுவும் கூடாது. உடலுறவும் கூடாது. சில வாரங்களுக்குக் கொஞ்சமாக ரத்தக்கசிவு இருப்பது இயல்பு. ஆனால் நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம், காய்ச்சல், துர்நாற்றத்தோடு நீர், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இயல்பு அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியில்தான் போகிறது. அறுவையின்போது அதில் காயம் பட்டால் விலாப்பக்கம் வலிக்கலாம். குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ ஓட்டை விழுந்தால், ஓரிரு வாரம் கழித்துத் தானாகச் சிறுநீர் ஒழுகத் தொடங்கலாம். ஃபெய்த்துக்கு நடந்தது அதுதான். அன்று அதற்கு வழி இல்லை. இன்று சரிசெய்ய முடியும். வெட்கப்பட்டுத் துணி மடித்து வைத்துக்கொண்டு பொறுத்திருக்கத் தேவையில்லை. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மாதவிடாய் நிற்கும்போது வரும் தொல்லைகள் ஒரே நாளில் வந்து இறங்கும், எலும்பும் பலமிழக்கும். அவற்றை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்கூட்டியே ஓய்ந்துபோகக்கூடும்.

இவ்வளவும் தெரிந்த காலத்தில்தான் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இருக்கிறது. வறண்ட மராத்வாடாவிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள். முன்பணம் அரிவாளுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார். காட்டில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை, மாதவிடாய்க்கு விடுப்பு இல்லை. தலையில் கரும்புக் கட்டைச் சுமந்து லாரியில் ஏற்ற வேண்டும். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களிடம் புற்றுநோய் வரும் என்று பயம் காட்டினார்கள். 'எடுத்துவிட்டால் தொல்லை இல்லை' என்றார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள் கடன் வாங்கி எடுத்துக்கொண்டார்கள்.

2019இல் செய்திகள் வெளிவந்து, நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு குழு அமைத்தது. அந்த மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட 82,000க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் அதிகமானோருக்குக் கர்ப்பப்பை இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் இது நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான்.

எடுத்த பிறகு என்ன ஆனது? வாங்கிய முன்பணமும் அறுவைக் கடனும் காத்திருந்தன. வயிறு ஆறுவதற்குள் காட்டுக்குத் திரும்பினார்கள். முதுகுவலி, மூட்டுவலி, உடல் கொதிப்பு, தலைசுற்றல் என்று அவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னவை எல்லாம் மருத்துவப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவைதாம். வலியில்லாமல் வேலை செய்யலாம் என்று எடுத்துக்கொண்டவர்கள், வலியோடு அதே வேலையைச் செய்கிறார்கள்.

சட்டத்தைப் புரட்டினால் இன்னொரு உண்மை தெரிகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இரண்டு வாரம் இருந்தது. கர்ப்பப்பை அகற்றத்துக்கு என்று அதில் தனியாக எதுவும் இருக்கவில்லை. பெண் பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் அரசின் அக்கறை. அதற்குப் பிறகு அவள் உடல் அவள் பாடு. கேரள அரசுப் பணி விதிகளில் இந்த அறுவைக்கு 45 நாள் விடுப்பு இருக்கிறது. ஆக, உடலுக்கு ஆறு வாரம் தேவை என்பது அரசுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. அது அரசு ஊழியையின் உடலுக்குப் பொருந்துகிறது, கரும்பு வெட்டுபவளின் உடலுக்குப் பொருந்தாமல் போகிறது.

தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை மூன்று மாதத்துக்குள் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வெட்டுவதற்கு முன் கேள்வி கேட்கும் ஏற்பாடு இது. மிகவும் தேவையானது. ஆனால் ஏற்கெனவே வெட்டப்பட்ட லட்சக்கணக்கான பெண்களுக்கு இது போதாது. அவர்களுக்கு எலும்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இலவசத் தொடர் பரிசோதனை வேண்டும். கூலி இழப்புக்கு ஈடு வேண்டும். அபராத முறை ஒழிய வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. நம் குடும்பங்களில் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் நிறையப் பேர். அவர்களிடம் யாரும் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன: சினைப்பையையும் எடுத்தார்களா? எத்தனை நாள் வலித்தது? இப்போதும் எங்கே வலிக்கிறது? எத்தனையாவது நாள் அடுப்படிக்குத் திரும்பினீர்கள்? அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.